போன மாதம் என்ன படம் பார்த்தீர்கள்? எங்கள் மொட்டை மாடிக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அந்த மாதம் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். இதற்குப் பெயர் கிடையாது, தலைவர் கிடையாது, சந்தாவும் கிடையாது. தையல் கடைக்காரர், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, கல்லூரி மாணவிகள் இருவர், மருந்துக் கடை வைத்திருப்பவர், கணக்கு வாத்தியார் என்று கலவையான கூட்டம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நானும் சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்திருக்கிறேன்.

"படம் எப்படி?" என்று கேட்டால் ஏன் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை?

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு விதி. "நன்றாக இருந்தது", "சுமார்", "காசு தண்டம்" ஆகிய மூன்றையும் எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது. முதலில் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். யார் எங்கே நின்றார், என்ன சத்தம் கேட்டது, நீங்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கைப்பேசியை எடுத்தீர்கள். தீர்ப்பு பிறகு தானாக வரும்.

இந்த விதி பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஆகஸ்ட் 23 அன்று 'வாழை', 'கொட்டுக்காலி' இரண்டும் ஒரே நாளில் வெளிவந்தன. அந்த மாதக் கூட்டத்தில் தையல்கார நண்பர் 'கொட்டுக்காலி'யின் மேல் கொதித்துப்போய் வந்தார். குடும்பத்தோடு போயிருக்கிறார். பாட்டு இல்லை, பின்னணி இசையே இல்லை, கதாநாயகி வாயைத் திறப்பதில்லை, முடிவும் இல்லை, இதற்கா நாலு டிக்கெட் என்று பொரிந்து தள்ளினார். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படம் என்று பதில் சொன்னார்கள். பெர்லினில் திரையிட்டால் எனக்கென்ன என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போது மாணவிகளில் ஒருவர், "அண்ணா, படத்தில் ஏதாவது ஒரு காட்சி நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, காளை வழிமறிக்கும் காட்சியைச் சொன்னார். பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சாமியாடியிடம் போகிறது ஒரு குடும்பம். ஆண்கள் வண்டிகளில் உடன் வருகிறார்கள். வழியில் ஒரு காளை குறுக்கே நிற்கிறது. மீசை முறுக்கிய அத்தனை பேரும் எட்ட நின்றே அதட்டுகிறார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். இதைச் சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, "ஓ, அதற்குத்தான் அந்தக் காட்சியா" என்றார். திரும்ப அந்தப் படத்தைப் பார்ப்பீர்களா என்று கேட்டோம். மாட்டேன் என்றார். ஆனால் அன்று அரைமணி நேரம் அந்தப் படத்தைப் பற்றி எல்லோரையும் விட நன்றாகப் பேசியவர் அவர்தான்.

முடிவே சொல்லாத படத்தை எப்படி ஏற்றுக்கொள்வது?

ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ரயில்வே கார்டு, "தண்டவாளம் பாதியில் நின்றால் அதற்குப் பெயர் விபத்து" என்றார். கணக்கு வாத்தியார், விடையை மாணவன்தான் போட வேண்டும் என்று வாதாடினார். 'கொட்டுக்காலி'யின் இறுதியில் சூரி நடித்த பாண்டி, சாமியாடி இன்னொரு பெண்ணை என்ன செய்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுகிறான். அதன் பிறகு அவன் என்ன செய்வான் என்பதை இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ் சொல்லவில்லை.

என் கருத்து: அந்த முடிவு சரி. படம் முழுக்கத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, கரகரத்த குரலில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே வருகிறவன் அவன். அவன் சொல்லற்று நிற்கும் இடத்தில் நிறுத்துவதுதான் பொருத்தம். ஆனால் நடுவில் வண்டி நிற்பதும், இறங்குவதும், மறுபடி ஏறுவதும் ஒரு முறை குறைந்திருந்தால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். பிடித்த படத்தில் குறை சொன்னால் துரோகம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

கதையைச் சொல்லிவிடுவார்களே, படம் பார்க்காதவன் என்ன செய்வது?

திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் முடிச்சை அவிழ்க்கக் கூடாது. ஓடிடி தளத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் தாராளமாகப் பேசலாம். இது பொது வழக்கம்.

இதில் படத்துக்குப் படம் வேறுபாடு உண்டு. 'மகாராஜா'வில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவர், லட்சுமியைக் காணவில்லை என்று காவல் நிலையத்துக்குப் போகிறார். லட்சுமி ஒரு குப்பைத் தொட்டி. இதுவரை யாரிடமும் சொல்லலாம். இதற்கு மேல் ஒரு வாக்கியம் சொன்னாலும் படத்தைக் கெடுத்தவராவீர்கள். அதன் பலமே எந்தச் சம்பவம் எப்போது நடந்தது என்பதை மறைத்துக் கலைத்துப்போட்டிருப்பதில்தான் இருக்கிறது. மாறாக 'மெய்யழக'னின் கதையை ஆதியோடந்தம் சொன்னாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. அங்கே கதையைவிட இரண்டு பேர் பேசிக்கொள்ளும் விதம்தான் படம்.

ஒரு விதிவிலக்கு: 1954ல் வந்த 'அந்த நாள்'. எழுபது ஆண்டு கடந்துவிட்டாலும் கொலை செய்தது யார் என்று எங்கள் மாடியில் சொல்லக் கூடாது. சொன்னவருக்கு அடுத்த மாதம் அழைப்பில்லை.

ஒரே படத்தைப் பார்த்த இருவர் வெவ்வேறு கதை சொல்கிறார்களே?

நினைவு அப்படித்தான் வேலை செய்யும் என்று நான் பல நாள் வேதாந்தம் பேசிக்கொண்டிருந்தேன். 'மெய்யழகன்' வந்தபோது காரணம் வேறாக இருந்தது.

சொத்துத் தகராறில் 1996ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். இருபத்திரண்டு ஆண்டு கழித்து மகன் மட்டும் ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே உரிமையோடு அவனை ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரனின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவே இல்லை. கேட்கவும் கூச்சம். எங்கள் மருந்துக் கடைக்காரருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான் என்பதால் முதல் நாளே பார்த்துவிட்டு வந்து, இரவுப் பேச்சை வரிவரியாகச் சொன்னார். இன்னொருவர், "அப்படி ஒரு பேச்சு படத்தில் இல்லையே" என்றார். குரல் உயர்ந்தது. டீ ஆறியது. கடைசியில்தான் தெரிந்தது, இருவரும் பார்த்தது ஒரே படம் இல்லை என்று. மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடிய படத்தை, வெளியான சில நாட்களில் சுமார் 18 நிமிடம் வெட்டியிருந்தார்கள். ஒருவர் வெட்டுக்கு முன்னால் பார்த்தவர், மற்றவர் பின்னால்.

ஆகவே இப்போதெல்லாம் எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்பதோடு எப்போது பார்த்தீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் நீளமான படம் குறையா?

நீளம் குறையில்லை, நெளிவது குறை. 'மெய்யழக'னை வெட்டியதில் எனக்கு உடன்பாடில்லை. ஊர்ப்பக்கம் விருந்துக்குப் போனால் சாப்பிட்டவுடன் கிளம்ப விடமாட்டார்கள். அந்தப் படமும் அப்படித்தான் கையைப் பிடித்து உட்கார வைக்கிறது. மணியைப் பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்காது. மருந்துக் கடைக்காரர் என்னோடு உடன்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும். கார்த்தி பேசுவதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தாலும் பாசம் குறைந்திருக்காது என்பது அவர் கட்சி.

படமே பார்க்காமல் வரலாமா?

வரலாம். அன்றைய டீச் செலவு உங்களுடையது.

பாதியில் தூங்கிவிட்டேன். கருத்துச் சொல்லலாமா?

எந்த இடத்தில் தூங்கினீர்கள் என்பதே ஒரு கருத்துதான். ஆனால் விழித்த பிறகு வந்த காட்சிகளைத் திட்டாதீர்கள். கார்டு ஒரு முறை, சம்பந்தமே இல்லாமல் ஒருவன் ஜெயிலுக்குப் போகிறான் என்று குறை சொன்னார். சம்பந்தம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த இருபது நிமிடத்தில் வந்து போயிருந்தது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஏன் கொடுப்பதில்லை?

மதிப்பெண் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 1977ல் வந்த '16 வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் கொடுத்த 62.5 மதிப்பெண் இன்றும் பேசப்படுகிறது. எனக்கு அந்த 62 பற்றிப் பிரச்சினை இல்லை, அந்த அரை மதிப்பெண்ணைத்தான் நாற்பது ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் காட்சிக்கு அது? மயிலுக்கா, சப்பாணிக்கா, பரட்டைக்கா?

கணக்கு வாத்தியாரே மதிப்பெண்ணுக்கு எதிரி என்பது எங்கள் கூட்டத்தின் வேடிக்கை. வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்தியவர் அவர். முப்பத்தைந்து என்று எழுதினால் அதற்கு மேல் அந்தப் பையனைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்கிறார்.

வசூல்தானே கடைசித் தீர்ப்பு?

எடுத்தவருக்கு ஆம். அவர் வட்டி கட்ட வேண்டும், அதைக் கேலி செய்யக் கூடாது. பார்க்கிறவருக்கு ஏன் அந்தக் கவலை என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. 2003 பொங்கலுக்கு 'தூள்' வசூலில் பட்டையைக் கிளப்பியது. கூடவே வந்த 'அன்பே சிவம்' எடுபடவில்லை. இன்று 'அன்பே சிவம்' தொலைக்காட்சியில் வந்தால் பாதியிலிருந்தாவது உட்கார்ந்து பார்க்கிறவர்களில் பலர், அன்று அதற்குத் திரையரங்கு போகாதவர்கள். நானும் போகவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அந்தப் படத்தை அளவுக்கு மீறிப் புகழ்கிறோமோ என்று ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு. 'தூள்' படத்தைப் பற்றி இதே மாடியில் ஒருவர் முக்கால் மணி நேரம் அருமையாகப் பேசியிருக்கிறார். ஓடிய படம் என்பதால் அது தாழ்ந்ததாகிவிடவில்லை.

முதல் நாள் விமர்சனங்கள் படத்தைக் கொன்றுவிடுகின்றன என்கிறார்களே?

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு இதைப் பெரிய பிரச்சினையாகக் கிளப்பியது. திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள், முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் வாயில் மைக்கை நீட்ட அனுமதிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். படம் வெளியான மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று கோரி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை.

எனக்கு இதில் இரண்டு பக்கமும் கோபம் உண்டு. காசு கொடுத்துப் பார்த்தவன் வாயை மூன்று நாள் கட்டிப்போடு என்பது நடக்கிற காரியம் இல்லை. விளம்பரத்தில் மட்டும் ரசிகர்களின் முதல் காட்சி ஆரவாரத்தைப் போட்டுக்கொள்கிறார்களே, அதுவும் கருத்துதானே? மறுபக்கம், கேமராவைப் பார்த்தவுடன் கத்துவதற்கென்றே படம் பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு படம் முடிந்து வெளியே வந்தபோது என் பக்கத்தில் நின்ற இளைஞன் மைக்கின் முன்னால் ஆவேசமாகத் திட்டினான். இடைவேளையில் இதே பையன்தான் பாப்கார்ன் வரிசையில் எனக்கு முன்னால் நின்று, செம்மையாகப் போகிறது என்று யாரிடமோ கைப்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் பிறகு படம் கெட்டிருக்கலாம்தான். அவ்வளவு வேகமாகக் கெட்டதா என்பதே என் ஐயம்.

படம் முடிந்து வெளிச்சம் வந்த மறுநிமிடம் சொல்வதற்கு நமக்கு ஒன்றும் இருக்காது. குறைந்தது ஓர் இரவு தூங்கி எழ வேண்டும். எங்கள் கூட்டம் மாதக் கடைசியில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். (சம்பளத்துக்கு முந்தைய வாரம் வேறு எங்கும் போக முடியாது என்பது இன்னொரு காரணம்.)

நான் ஒரு நடிகரின் தீவிர ரசிகன். என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?

எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். கார்டு இன்றைக்கும் சிவாஜியைப் பற்றி ஒரு சொல் தாங்க மாட்டார். ரசிகராக இருப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: அந்த நடிகரின் எல்லாப் படங்களையும் பார்த்திருப்பீர்கள். இந்தப் படத்தில் அவர் கையை வைத்துக்கொண்ட விதம் பத்து வருடத்துக்கு முந்தைய படத்தில் இருந்ததுதான் என்று உங்களால் மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்லுங்கள். மற்ற நடிகரின் குடும்பத்தை இழுக்காதீர்கள். ஒரு முறை இழுத்தார்கள். மாடிப்படி வரை போனது சண்டை.

மலையாளப் படங்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்களே, தமிழில் இல்லையா?

இந்தக் கேள்வி 2024 பிப்ரவரிக்குப் பிறகு அதிகமாகிவிட்டது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் பேச்சோடு அப்படியே தமிழ்நாட்டில் வாரக்கணக்கில் ஓடியது. 2006ல் கொடைக்கானல் குகையில் நடந்த உண்மைச் சம்பவம். அந்தக் குகைக்கு ஊரார் வைத்த பெயரே 1991ல் வந்த 'குணா'வால் வந்தது. படத்தில் பாதிப் பேச்சு தமிழ், உச்சக்கட்டத்தில் இளையராஜாவின் பாட்டு. இதைப் பக்கத்து மாநிலப் படம் என்று சொல்வதே கொஞ்சம் சிரமம்தான்.

நாடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது எழுத்தாளர் ஜெயமோகன் மட்டும், சுற்றுலாத் தலத்தில் குடித்துவிட்டுக் கூத்தடிப்பதைக் கொண்டாடும் படம் என்று கடுமையாக எழுதினார். கேரளத்தில் பெரும் கொந்தளிப்பு. எங்கள் மாடியிலும் புயல்தான். அவர் சொன்ன தொனி எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு முதல் அரைமணி நேரத்தை இரண்டாம் முறை பார்த்தபோது, தடுப்பு வேலியைத் தாண்டிக் குதிக்கும் இடத்தில் என்னால் முன்பு போலச் சிரிக்க முடியவில்லை. எதிர்க் கருத்து படிப்பதில் உள்ள சங்கடம் இதுதான். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கண்ணில் தூசியாக ஒட்டிக்கொள்கிறது.

தமிழில் இல்லையா என்றால், இருக்கிறது. மேலே சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை தமிழ்ப் படங்கள்தான்.

லாஜிக் பார்க்க வேண்டுமா?

படம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதியை மீறினால் கேளுங்கள். ஒருவன் ஐம்பது பேரை அடிக்கும் உலகம் என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டால், ஐம்பத்தோராவது ஆளைப் பற்றிக் கேட்பது அழும்பு.

திரையரங்கில்தான் பார்க்க வேண்டுமா? வீட்டில் பார்த்தால் கணக்கில் வராதா?

வரும். சேலத்துக்கு மாற்றலாகிப்போன ஓர் உறுப்பினர் பஸ்ஸில் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார். எங்கே பார்த்தீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். 'கொட்டுக்காலி' போன்ற படத்தில் ஆட்டோவின் இரைச்சலும் கட்டிவைத்த சேவலின் சத்தமும் காற்றும்தான் இசையின் இடத்தில் இருக்கின்றன. பஸ் இரைச்சலில் பார்த்தால் படத்தின் ஆட்டோ எது, நிஜ வண்டி எது என்று தெரியாது. அதன் மேல், ஒலியே சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பிள்ளைகளை அழைத்துவரலாமா? அவர்கள் பார்த்த படத்தைப் பற்றிப் பேசலாமா?

அழைத்து வாருங்கள். 2023ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது அதைப் பார்க்கிற பெற்றோர் குறைவு. வாத்தியாரின் ஏழு வயது மகள் 'வாழை' பற்றிச் சொன்னது இது: "அந்தப் பையனுக்குப் பசிக்கிறது, ஒரு பழம் கொடுத்தால் என்ன?" வாழைத்தாரைத் தலையில் சுமக்கும் பிள்ளைகளைப் பற்றிய படத்துக்கு அதைவிடக் கூர்மையாக நாங்கள் யாரும் அன்று பேசவில்லை.

பழைய படங்களையும் பேசுவீர்களா?

"சமீபத்தில் பார்த்த படம்" என்றுதான் சொல்கிறோம், "சமீபத்தில் வந்த படம்" என்று சொல்லவில்லை. மாணவி ஒருவர் சென்ற மாதம்தான் முதல் முறையாகப் பாலு மகேந்திராவின் 'வீடு' பார்த்தார். 1988ல் வந்த படம், அவர் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு. பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அந்தத் தாத்தா வெயிலில் தனியாக வந்து சுவரைத் தொட்டுத் தடவும் காட்சியைச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதரை அவருக்குப் பெயர் தெரியாது. எங்கள் வீட்டுத் தாத்தா என்றுதான் சொன்னார். தையல்காரர் அப்போதுதான் வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார். அவர் அந்தப் படத்தின் சிமெண்ட் மூட்டை, அனுமதி, லஞ்சம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதுவும் மாறவில்லை என்று கணக்குக் காட்டினார். இருவரும் பேசியது ஒரே படத்தைப் பற்றித்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஏதாவது பார்த்துவிட்டு வர வேண்டுமா?

கார்டு தன் முறைக்கு 'அந்த நாள்' கேட்டிருக்கிறார். முதல் காட்சியிலேயே சிவாஜி சுடப்பட்டு விழும் படம் அது. பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடக்கும் கதை. வந்தபோது கூட்டம் சேரவில்லை. இம்முறை மாடியில் துணி கட்டித் திரையிடுகிறோம். ஏற்கெனவே பார்த்தவர்கள் பின் வரிசையில் உட்காரவும், வாயைத் திறக்காமல் இருக்கவும். பண்டரிபாய் திரையில் வரும்போது பெருமூச்சு விடுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.